நனைந்த சைக்கிள் எத்தனை மீட்டரில் நிற்கும்? சைக்கிள் தரக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பில் சைக்கிள்களுக்கான 149ஆம் தொழில்நுட்பக் குழுவின் மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ரொறன்ரோவின் ஸ்கார்பரோ பகுதியிலிருந்து எழுதுகிறேன். ஆண்டு முழுவதும் சைக்கிளில்தான் வேலைக்குப் போய்வருகிறேன். நவம்பரின் குளிர்மழையிலும் ஜனவரியின் உறைபனியிலும் மார்ச்சில் தெருவோரம் ஓடும் உப்புத் தண்ணீரிலும் அதே பயணம்தான். உங்களிடம் எனக்கு இருக்கும் கோரிக்கை ஒன்றே. ஒரு சைக்கிள் ஈரத்தில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்திலிருந்து எத்தனை மீட்டரில் நிற்கிறது என்பதை அளக்கச் செய்யுங்கள். அளந்த எண்ணை வாங்குபவரின் கண்ணில் படும்படி சைக்கிளிலேயே அச்சிடச் செய்யுங்கள்.

அந்த எண் ஏற்கெனவே எங்கோ இருக்கும் என்றுதான் பலரும் நம்புகிறார்கள். நீங்கள் வகுத்த 4210ஆம் தரத்தைப் படித்தால் அப்படி இல்லை என்பது தெரிகிறது. நகரப் பயணச் சைக்கிளை உலர்ந்த நிலையில் 25 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி இரண்டு பிரேக்கையும் பிடித்தால் 7 மீட்டருக்குள் நிற்க வேண்டும் என்கிறது அந்தத் தரம். ஈரத்தில் 5 மீட்டருக்குள் நிற்க வேண்டும் என்கிறது. மேலோட்டமாகப் பார்ப்பவர் ஈரத்துக்கான விதிதான் கடுமையானது என்று நினைத்துக்கொள்வார். ஈரச் சோதனையின் வேகம் வெறும் 16 கிலோமீட்டர் என்பது அட்டவணையின் அடுத்த கட்டத்தில் இருக்கிறது.

நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 16 கிலோமீட்டர் வேகத்தில் 5 மீட்டர் எடுக்கும் வண்டி, அதே பிடிப்பில், 25 கிலோமீட்டர் வேகத்தில் 12 மீட்டருக்கு மேல் எடுக்கும். பின் பிரேக்கை மட்டும் பிடித்தால் ஈரத்தில் 10 மீட்டர் வரை அனுமதிக்கிறீர்கள். அதை 25 கிலோமீட்டருக்கு மாற்றினால் 24 மீட்டர். உலர்ந்த சாலையில் 7 மீட்டரில் நிற்கும் வண்டி மழையில் 12 மீட்டருக்குப் பிறகே நின்றாலும் உங்கள் தரத்தில் அது தேறிவிடுகிறது. இடையில் இருக்கும் 5 மீட்டர் ஒரு காரின் நீளம். சந்திப்பில் திடீரென்று திரும்பும் காருக்கும் எனக்கும் நடுவே அந்த இடைவெளி இருக்குமா இருக்காதா என்பதுதான் கேள்வி.

இந்தக் கணக்கும் பிரேக் பிடித்த கணத்திலிருந்து ஒரே சீராகப் பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டு போட்டது. ரப்பர் கட்டைகள் அழுத்தும் ரிம், அதாவது சக்கரத்தின் உலோக விளிம்பு, நனைந்திருந்தால் அப்படிப் பிடிப்பதில்லை. ரிம்மின் மேல் தண்ணீர் ஒரு மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும். ரப்பர் கட்டை முதலில் அந்தப் படலத்தை வழித்துத் தள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் உலோகத்தைத் தொடும். வழக்கமான 700 சி அளவுச் சக்கரம் ஒருமுறை சுற்றினால் வண்டி இரண்டு மீட்டருக்குச் சற்று மேல் நகர்ந்துவிடுகிறது. கை முழு பலத்தோடு பிடித்திருக்க, முதல் ஓரிரு சுற்றுகளில் வண்டி வேகம் குறையாமல் போய்க்கொண்டே இருப்பதை மழையில் ஓட்டிய எவரும் உடம்பால் உணர்ந்திருப்பார்கள். பிறகு சட்டென்று பிடிக்கும். ஓட்டுபவர் ஏற்கெனவே பதற்றத்தில் பிடியை இறுக்கியிருப்பார். முன்சக்கரம் வழுக்குவது பெரும்பாலும் அந்தக் கணத்தில்தான்.

சக்கரத்தின் நடுவில் பொருத்திய தட்டைக் கவ்வி நிறுத்தும் டிஸ்க் பிரேக் இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. இயந்திரவியலாகப் பார்த்தால் ரிம்மும் ஒரு தட்டுதான், 60 சென்டிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள பெரிய தட்டு. அதனால் குறைந்த அழுத்தத்திலேயே வண்டியை நிறுத்த முடிகிறது. உலர்ந்த நாளில் நல்ல ரிம் பிரேக் எந்தக் குறையும் வைக்காது. அந்தப் பெரிய தட்டு தரையை ஒட்டிச் சுழல்வதுதான் சிக்கல். தெருவில் கிடக்கும் தண்ணீர், மணல், உப்பு, பனிச்சேறு எல்லாம் முதலில் அதன் மேல்தான் ஏறும். 160 மில்லிமீட்டர் டிஸ்க் சக்கரத்தின் நடுவில், சேற்றுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. விட்டம் சிறியதாகையால் அதைப் பல மடங்கு அதிக விசையோடு கவ்வ வேண்டும்; அந்த அழுத்தத்தில் தண்ணீர்ப் படலம் தங்குவதில்லை. தட்டில் இருக்கும் துளைகளும் நீரை வெளியேற்ற உதவுகின்றன. மழையிலும் பிடித்தவுடன் பிடிக்கிறது. எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு வேகம் குறையும் என்பது கைக்குத் தெரிகிறது. என்னைக் கேட்டால், பலத்தைவிட இந்த நிச்சயம்தான் பெரிது.

குளிர்காலத்தில் இன்னொரு சேதம் நடக்கிறது. அதைப் பற்றிக் கடைகளில் யாரும் பேசுவதில்லை. எங்கள் ஊரில் சாலைகளுக்கு உப்பு போடுகிறார்கள். நடைபாதைகளுக்கு மணலும் சேர்கிறது. அந்த மணல் பிரேக் கட்டையில் பதிந்துகொள்ளும். அதற்குப் பிறகு ஒவ்வொருமுறை பிரேக் பிடிக்கும்போதும் கட்டை ரிம்மை உப்புத்தாள் போலத் தேய்க்கிறது. கட்டையைப் பிடுங்கிப் பார்த்தால் அலுமினியத் துணுக்குகள் மின்னும். அலுமினிய ரிம்மின் பக்கச்சுவர் சில மில்லிமீட்டர்கூடக் கனம் இல்லாதது. உள்ளே டயரின் காற்றழுத்தம் அந்தச் சுவரை எப்போதும் வெளிநோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது. சுவர் தேய்ந்து மெலிந்தால் ஒரு நாள் அது பிளந்து டயர் வெடிக்கும். தேய்மானம் தெரிவதற்காக ரிம்மில் அடையாளம் இருக்க வேண்டும் என்று நீங்கள் விதித்திருக்கிறீர்கள். அது நல்ல விதி. ஆனால் அந்தச் சிறு பள்ளம் எதற்காக இருக்கிறது என்று தெரிந்த ஓட்டுநர்கள் மிகச் சிலரே. ரிம் தேய்ந்தால் சக்கரத்தையே மாற்ற வேண்டும், அல்லது ஆரக்கம்பிகளை அவிழ்த்துப் புது ரிம்மில் மறுபடி கோக்க வேண்டும். டிஸ்க் பிரேக்கில் தேய்வது தட்டைக் கவ்வும் பேடும் தட்டும்தான். இரண்டையும் வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம். சக்கரம் அப்படியே இருக்கும்.

ரிம் பிரேக் வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியவையும் உண்டு. இரும்பு ஆக்சைடு கலந்த சால்மன் நிறக் கட்டைகள் சாதாரணக் கறுப்புக் கட்டைகளைவிட ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும், ரிம்மையும் குறைவாகத் தேய்க்கும். வீட்டுக்கு வந்ததும் ரிம்மையும் கட்டைகளையும் துடைத்துவிட்டால் அடுத்த நாள் காலையில் வித்தியாசம் தெரியும். பீங்கான் பூசிய ரிம்கள் ஒரு காலத்தில் இதற்காகவே விற்பனைக்கு வந்தன.

டிஸ்க் பிரேக் என்ற பெயர் மட்டும் பாதுகாப்பு ஆகிவிடாது. மலிவான சைக்கிள்களில் வரும், கம்பி வடத்தால் இழுத்து இயக்கும் கேபிள் டிஸ்க்குகளில் உறைக்குள் தண்ணீர் புகுந்து இரவில் உறைந்துவிட்டால், காலையில் பிடியை அழுத்தினாலும் கேபிள் நகராது. திரவ அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்கில், பேடைத் தள்ளும் பிஸ்டன்களைச் சுற்றி உப்பு படிந்தால் அவை திரும்பி வராமல் பேட் தட்டை உரசிக்கொண்டே இருக்கும். சங்கிலிக்குத் தெளிக்கும் எண்ணெயின் ஒரு துளி தட்டில் பட்டாலே பேட் கெட்டுவிடும். பிசினால் இறுக்கிய ரெசின் பேட்கள் மணலும் சேறுமான சாலையில் மிக விரைவாகக் கரைகின்றன. குளிர்காலத்துக்கு உலோகத்தூளை இறுக்கிச் செய்த பேட்களே ஏற்றவை. இதையெல்லாம் எந்தக் கடைக்காரரும் வாங்கும்போது சொல்வதில்லை.

2013இல் நடந்ததை நீங்கள் நன்கு அறிவீர்கள். சைக்கிள் பாகங்கள் தயாரிக்கும் ஸ்ராம் நிறுவனம் தன் சாலைச் சைக்கிள்களுக்கான ஹைட்ராலிக் பிரேக்குகளை, டிஸ்க் வகையையும் ரிம் வகையையும் சேர்த்தே, அந்த ஆண்டு டிசம்பரில் திரும்பப் பெற்றது. வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போன நாள்களில் சேற்றிலும் புல்லிலும் ஓட்டும் சைக்ளோகிராஸ் பந்தயங்களில் பிடியின் உள்ளிருந்த அடைப்பு வளையங்கள் அழுத்தத்தைத் தாங்கவில்லை. பிரேக் திடீரென்று செயலிழந்தது. அந்த நிறுவனம் தானே முன்வந்து, ஓட்டுவதை உடனே நிறுத்தச் சொல்லி அறிவித்தது பாராட்டத்தக்கது. ஆனால் அந்தக் குறையைக் கண்டுபிடித்தவர்கள் சேற்றில் பந்தயம் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள். பிரேக்கைக் கடும் குளிரில் வைத்து அழுத்திப் பார்க்கும் ஒரு கட்டாயச் சோதனை இருந்திருந்தால் அது பட்டறையிலேயே தெரிந்திருக்கும். உங்கள் சோதனைத் தடம் கடினமான, தளர்ந்த மண்ணோ சரளையோ இல்லாத தளமாக இருக்க வேண்டும். பிரேக்கின் மேல் குழல்முனைகளால் தண்ணீர் தெளிக்கச் சொல்கிறீர்கள். அந்தத் தண்ணீரில் உப்பு இல்லை, மணல் இல்லை, பனிச்சேறு இல்லை. பரீட்சைக்கு வருவதும் புத்தம்புதுச் சைக்கிள். எங்கள் பிப்ரவரி மாதம் உங்கள் சோதனைக்குள் வரவே இல்லை.

ரிம்மா டிஸ்க்கா என்ற விவாதம் பல ஆண்டுகளாகப் பந்தய வீரர்களின் விவாதமாகவே நடந்தது. பன்னாட்டுச் சைக்கிள் ஒன்றியம் சாலைப் பந்தயங்களில் டிஸ்க்கை 2015இல் சோதனையாக அனுமதித்தது. 2016இல் ஒரு வீரர் காயம்பட்டதையொட்டி நிறுத்தியது. 2018 ஜூலையில் முழுமையாக அனுமதித்தது. எடை எவ்வளவு கூடும், சக்கரம் மாற்ற எத்தனை நொடி ஆகும், காற்றைக் கிழிப்பதில் எது சிறந்தது என்றெல்லாம் அலசினார்கள். பந்தயக்காரருக்கு அவை முக்கியம்தான். இரவுப் பணி முடிந்து பனிமழையில் வீடு திரும்பும் மருத்துவமனைத் துப்புரவுத் தொழிலாளிக்கு அவற்றில் ஒன்றும் பயன்படாது. முதுகில் சதுரப் பையோடு உணவு கொண்டுபோகும் இளைஞர்களை ஸ்கார்பரோவில் எல்லாப் பருவத்திலும் பார்க்கிறேன். அவர்களில் எங்கள் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பழைய சைக்கிள், கையில் கிடைத்த விலையில் வாங்கியது, கட்டை தேய்ந்தது. எந்தப் பிரேக் மழையில் எங்கே நிறுத்தும் என்று அவர்களுக்குச் சொல்ல எந்த எண்ணும் இல்லை.

சட்டங்களும் கைகொடுப்பதில்லை. எங்கள் மாகாணமான ஒன்டாரியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம் சைக்கிளுக்குக் கேட்பது பின்சக்கரத்தில் ஒரு பிரேக். அது உலர்ந்த, சமதளமான, சுத்தமான சாலையில் சக்கரத்தைச் சறுக்க வைத்தால் போதும். அமெரிக்க விதி மணிக்கு 15 மைல் வேகத்திலிருந்து 15 அடியில் நிற்கச் சொல்கிறது. அங்கும் சோதனை உலர்ந்த தளத்தில்தான். ஈரத்தைப் பற்றி எண்ணிப் பார்த்து, அதை விதியில் எழுதியவர்கள் நீங்கள். அதனால்தான் உங்களிடம் வருகிறேன்.

கார் டயர்களுக்கு இது எப்போதோ வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 நவம்பர் முதல் டயரின் ஈரப்பிடிப்புத் தரத்தை எழுத்தால் குறிக்கும் முத்திரை கட்டாயம். கடையில் இரண்டு டயர்களை அருகருகே வைத்து எது மழையில் விரைவாக நிற்கும் என்று யாரும் ஒப்பிட்டுக்கொள்ளலாம். சுற்றிலும் இரும்புக் கூடும் காற்றுப்பையும் உள்ள வாகனத்துக்கு அந்தத் தகவல் கிடைக்கிறது. தலைக்கவசம் மட்டும் அணிந்து ஓட்டுபவருக்குக் கிடைக்கவில்லை.

விலை கூடிவிடும் என்று தயாரிப்பாளர்கள் சொல்வார்கள். எல்லாச் சைக்கிளிலும் டிஸ்க் பொருத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. நெதர்லாந்தின் நகரச் சைக்கிள்களில் சக்கரத்தின் மையத்துக்குள் மூடியிருக்கும் டிரம் பிரேக்குகள் மழையைச் சட்டைசெய்யாமல் ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றன. நல்ல கட்டையும் நல்ல ரிம்மும் ஈரத்தில் 9 மீட்டரில் நிறுத்துமானால் அதையும் மகிழ்ச்சியோடு எழுதட்டும். மோசமான கேபிள் டிஸ்க் 12 மீட்டர் எடுத்தால் அதுவும் தெரியட்டும். தட்டு மாட்டியிருப்பதைக் காட்டியே விற்றுவிடும் வழக்கம் அப்போது முடிவுக்கு வரும். ஓட்டுபவரின் எடை, டயர், சாலை என ஒவ்வொன்றும் மாறுமே என்ற தயக்கமும் எழலாம். அந்தச் சிக்கல்களையெல்லாம் உலர்ந்த சோதனைக்காக நீங்கள் ஏற்கெனவே தீர்த்துவைத்திருக்கிறீர்கள். மொத்த எடையை 100 கிலோ என்று நிர்ணயித்தவர்களும் நீங்களே.

இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. உங்கள் குழுவில் நாடுகள் தங்கள் தர அமைப்புகளின் வழியாகப் பேசுகின்றன. கனடாவில் தர நிர்ணய மன்றம் இருக்கிறது. இந்தியாவில் இந்தியத் தர நிர்ணய அமைவனம். இலங்கையில் இலங்கைக் கட்டளைகள் நிறுவனம். மூன்று நாடுகளிலும் இந்த மடலைப் படிக்கக்கூடிய தமிழர்கள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். வடகிழக்குப் பருவமழையில் குரோம் பூசிய எஃகு ரிம்மோடு பள்ளிக்குப் போகும் மாணவிக்கு என் கோரிக்கை என்னைவிட அதிகமாகப் பொருந்தும். எஃகு ரிம் நனைந்தால் அலுமினியத்தைவிட மோசமாக வழுக்கும். அங்கே பனி இல்லை, உப்பு இல்லை. தண்ணீர் மட்டுமே போதும். அவரவர் நாட்டின் அமைப்புக்கு அவர்களும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

4210ஆம் தரத்தை அடுத்த முறை திருத்தும்போது இந்த மூன்றையும் சேருங்கள்: ஈரச் சோதனையை உலர்ந்த சோதனையின் வேகத்திலேயே நடத்துவது, உப்புநீரில் பழக்கி உறைநிலைக்குக் கீழே குளிரவைத்த பிரேக்கைச் சோதிப்பது, ஈரத்தில் நிற்கும் தூரத்தைச் சைக்கிளின் சட்டத்தில், தொடர் எண்ணுக்குப் பக்கத்தில், மீட்டரில் அச்சிடுவது. மூன்றும் ஒருங்கே முடியாது என்றால் கடைசியானதை முதலில் செய்யுங்கள். அதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம். இன்று 16 கிலோமீட்டர் வேகத்தில் அளக்கும் எண்ணைக்கூட அச்சிடத் தொடங்கலாம்.

இந்த மடலின் ஒரு படியைக் கனடாவின் தர நிர்ணய மன்றத்துக்கும் அனுப்புகிறேன். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
குளிர்காலத்திலும் சைக்கிளில் வேலைக்குப் போகும் ஒருவர்
ஸ்கார்பரோ, ரொறன்ரோ