உயிர்மீட்புச் சிகிச்சையின்போது உறவினருக்கும் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இதயம் நின்றுபோனவருக்கு உயிர்மீட்புச் சிகிச்சை அளிக்கப்படும்போது, நெருங்கிய உறவினர் ஒருவர் விரும்பினால் உடனிருக்க மருத்துவமனைகள் அனுமதிக்க வேண்டும் என்று வலியுறுத்தவே இக்கடிதம்.

என் தந்தையை அவசரப் பிரிவுக்குள் கொண்டுசென்ற இரவில், 'வெளியே இருங்கள்' என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்கள். கதவின் அடியிடுக்கில் கால்கள் நகர்வதை மட்டும் பார்த்தபடி நானும் அம்மாவும் நாற்பது நிமிடங்கள் நின்றோம்; அப்பாவின் மூக்குக்கண்ணாடி அம்மாவின் கையிலேயே இருந்தது. மருத்துவர்கள் இயன்றதெல்லாம் செய்தார்கள் என்றே நான் நம்புகிறேன். ஆனால் உள்ளே என்னதான் செய்தார்கள் என்று அம்மா இன்றும் கேட்கும்போது, என்னிடம் பதில் இல்லை.

இது புதிய கோரிக்கை அன்று. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள ஃபுட் மருத்துவமனை 1982-லேயே உறவினரை உள்ளே அனுமதிக்கத் தொடங்கியது. பிரான்சில் 570 உறவினர்களிடம் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வில், உடனிருக்க வாய்ப்பளிக்கப்பட்டவர்களிடம் மூன்று மாதங்களுக்குப் பிந்தைய மனஅதிர்ச்சி அறிகுறிகள் குறைவாகவே காணப்பட்டன. நோயாளிகள் பிழைத்த விகிதமோ, மருத்துவக் குழுவினரின் மன அழுத்தமோ அதனால் பாதிக்கப்படவில்லை.

அந்தக் காட்சி கொடுமையானது என்பதை மறுக்கவில்லை. நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்திற்கு மார்பை அழுத்துகையில் விலா எலும்புகள் முறிவதும் உண்டு. முன்னறிவிப்பின்றி அதைக் காண்பவர் நிலைகுலைந்து போவார். ஆகவேதான், நடப்பதை எளிய சொற்களில் விளக்கவும், தாங்க முடியாதபோது வெளியே அழைத்துச் செல்லவும், சிகிச்சையில் ஈடுபடாத ஒரு செவிலியர் அவர் அருகிலேயே நிற்க வேண்டும். இது இல்லாமல் கதவை மட்டும் திறந்துவிடுவதை நானும் ஏற்கமாட்டேன். இடையூறு செய்பவரைத் தடுக்கும் உரிமை குழுத்தலைவருக்கு இருக்கட்டும். உள்ளே வர விரும்பாதவரை யாரும் வற்புறுத்தவோ, குறைகூறவோ கூடாது.

செவிலியர் பற்றாக்குறையைக் காரணம் காட்டுவோர் இருக்கலாம். அது உண்மையான சிக்கலே. அத்தகைய இடங்களில் சமூகப் பணியாளர் ஒருவருக்கு இதற்கெனப் பயிற்சி அளிக்கலாம். அதுவும் இயலாத நேரத்தில், சில நிமிடங்களுக்கு ஒருமுறையாவது ஒருவர் வெளியே வந்து, 'இன்னும் முயன்றுகொண்டிருக்கிறோம்' என்று சொல்லிச் செல்லலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்