நான்கே கால் அங்குலக் குழி

ஸ்காபரோ, கனடா
செப்டம்பர், ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் அத்தானும் பிள்ளையும் நலமாக இருக்க வற்றாப்பளை அம்மன் துணை. நேற்றுத்தானே தொலைபேசியில் கதைத்தோம், இன்றைக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். தொலைபேசி என்றால் அம்மா பக்கத்தில் இருப்பார். "சாப்பிட்டாயா, குளிருக்குத் தொப்பி போட்டாயா" என்பதைத் தாண்டிக் கதை நகராது. இதை நீங்கள் முதலில் தனியாக வாசியுங்கள். அம்மாவுக்கு எதை வாசித்துக் காட்டுவது, எதை விடுவது என்பதைப் பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஒரு கோல்ஃப் கழகத்தில் நிர்வாகப் பகுதியில் வேலை என்று சொல்லியிருந்தேன் அல்லவா? கழகம் உண்மை. நிர்வாகம் பொய். நான் புல் வெட்டுகிறேன். புல் வெட்டுகிறேன், மணல் வாருகிறேன், குழி தோண்டுகிறேன். மூன்று வருடமாக இதுதான் என் தொழில். வெளிநாட்டுக்கு அனுப்பக் காணியை ஈடு வைத்த வீட்டுக்கு, "மகன் அங்கே புல் வெட்டுகிறான்" என்று சொல்லி அனுப்ப வாய் வரவில்லை.

ஆனால் என்னைத் திட்ட உங்களுக்குப் பாதி உரிமைதான் இருக்கிறது. முகமாலைக்கு வேலைக்குப் போகத் தொடங்கிய புதிதில் ஆறு மாதம் தையல் தொழிற்சாலைக்குப் போவதாக அம்மாவிடம் சொன்னவர் நீங்கள். "நகத்துக்குள் இவ்வளவு மண்ணோடு எந்தத் தையல்காரி வீட்டுக்கு வருவாள்?" என்று அம்மா கேட்ட பிறகுதானே மிதிவெடி அகற்றும் கதை வெளியே வந்தது!

கோல்ஃப் என்பதை நீங்கள் தொலைக்காட்சியில்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். நுவரெலியாவில் வெள்ளைக்காரன் காலத்து மைதானம் ஒன்று இருக்கிறதாம், எங்கள் பக்கத்தில் யாருக்கு அதெல்லாம் தெரியும். நூறு ஏக்கருக்கு மேலான நிலம், அதில் பதினெட்டுக் குழி. தேசிக்காய் அளவுப் பந்தை இரும்பு மட்டையால் அடித்து அடித்து, ஆகக் குறைந்த அடியில் ஒவ்வொரு குழிக்குள்ளும் விழுத்த வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. இவ்வளவு நிலத்தில் ஒரு மணி நெல் விளையாது என்பதை அப்பா பார்த்திருந்தால் தோளில் கிடக்கும் துவாயை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்து போயிருப்பார்.

குழியைச் சுற்றியுள்ள தரையைக் கிறீன் என்பார்கள். அங்கே புல்லின் உயரம் மூன்று மில்லிமீற்றர். மறுபடி வாசியுங்கள், மூன்று மில்லிமீற்றர். அந்த உயரத்திலேயே வைத்திருக்க நாள் தவறாமல் வெட்ட வேண்டும். இங்கே இருப்பது குளிர்நாட்டுப் புல். வெப்பமான நாடுகளில் இதே வேலைக்கு எதை வளர்க்கிறார்கள் தெரியுமா? அறுகு! பிள்ளையாருக்கு நாங்கள் கிள்ளி வைக்கிற அதே அறுகின் இனம்தான். வரம்பிலிருந்து வயலுக்குள் இறங்கிவிட்டது என்று அப்பா முதுகு முறியப் பிடுங்கி எறிந்ததை, இவர்கள் உரமும் மருந்தும் போட்டுப் பிள்ளைபோல வளர்க்கிறார்கள்.

இன்னொன்று, இதை வாசித்தால் நீங்கள் சிரிப்பீர்கள். மைதானத்தில் இடையிடையே மணல் நிரப்பிய பள்ளங்கள் இருக்கின்றன. பந்து அதற்குள் விழுந்தால் எடுப்பது கஷ்டம். அவற்றுக்குப் பெயர் பங்கர். வேலைக்குப் போன முதல் நாள் மேற்பார்வையாளர் கையில் ஒரு விறாண்டியைத் தந்து "பங்கரைத் துப்புரவாக்கிவிட்டு வா" என்றார். நான் அப்படியே நின்றேன். எனக்குத் தெரிந்த பங்கர் பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்டது. அதற்குள் உங்கள் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தேன். இங்கே பங்கர் திறந்து கிடக்கிறது, வெள்ளை மணல், மேலே நீலவானம். அன்று முழுதும் விறாண்டியால் இழுத்து இழுத்து மணலைச் சமப்படுத்தினேன். நீங்களும் அந்த நேரம் அங்கே மிதிவெடி தேடி விறாண்டியோடுதான் குந்தியிருப்பீர்கள் என்ற நினைவு வந்தது. இங்கே பகல் என்றால் அங்கே இரவு, அது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

இனி என் முக்கியமான வேலைக்கு வருகிறேன். ஒரே இடத்தில் குழி இருந்தால் சுற்றியுள்ள புல் மிதிபட்டுச் செத்துவிடும். அதனால் குழியை அடிக்கடி இடம் மாற்ற வேண்டும். விடியற்காலை ஐந்தரைக்குக் குழி வெட்டும் கருவியோடு போவேன். இரண்டு கைப்பிடி வைத்த, வாய் கூரான இரும்புக் குழாய் அது. அதை நேராக நிறுத்தி, இரண்டு பக்கமும் திருகித் திருகி இறக்கினால், பிட்டுக் குழலில் இருந்து பிட்டைத் தள்ளி எடுப்பதுபோல, புல்லும் மண்ணுமாக ஓர் உருளை வெளியே வரும். அகலம் நான்கே கால் அங்குலம். உலகம் முழுக்க அதே அளவுதான். பழைய குழிக்குள் இருக்கும் கிண்ணத்தைக் கொக்கியால் தூக்கிப் புதியதற்குள், தரைமட்டத்துக்கு ஓர் அங்குலம் கீழே, இறக்க வேண்டும். வெட்டியெடுத்த உருளையால் பழைய குழியை அடைக்க வேண்டும். அந்த உருளை ஒரு மயிரிழை உயர்ந்து நின்றால் வெட்டும் இயந்திரம் அதன் தலையைச் சீவிவிடும். தாழ்ந்து போனால் உருண்டு வரும் பந்து துள்ளும். முதல் வருடம் ஒருநாள் அவசரத்தில் ஒன்றைத் தாழ வைத்துவிட்டேன். நான் வாங்கிய ஏச்சை ஆங்கிலம் சரியாகத் தெரியாதபடியால் பாதிதான் புரிந்தது. அதுவும் ஒரு கொடுப்பினை.

அதனால்தான் முழங்காலில் நின்று உள்ளங்கையால் தடவிப் பார்க்காமல் இப்போது எழும்புவதில்லை.

இங்கே ஒரு பயிற்சியாளர் இருக்கிறார். ஐம்பது வயது தாண்டிய பெண். சனி ஞாயிறுகளில் சிறு பிள்ளைகளுக்குப் பழக்குவார். பிள்ளைகளுக்கு எப்போதும் நிக் டெய்லர் என்ற கனடிய கோல்ஃப் வீரரின் கதைதான். 2023 இல் ரொறன்ரோவில் நடந்த கனடிய ஓப்பனில் அவர் 72 அடி தூரத்திலிருந்து பந்தை உருட்டிக் குழிக்குள் விழுத்தி வென்றார். 1954 க்குப் பிறகு அந்தப் போட்டியில் கனடாக்காரர் ஒருவர் வென்றது அப்போதுதான். அதைக் கொண்டாட ஓடிவந்த இன்னொரு கனடிய வீரரை, யாரோ கண்டவர் என்று நினைத்துப் பாதுகாவலர் மல்லாத்தி விழுத்திவிட்டார். பிள்ளைகள் அந்த விழுத்தலையே திரும்பத் திரும்ப நடித்துக் காட்டுவார்கள். பயிற்சியாளரோ பிள்ளைகளின் சப்பாத்தைக் கழற்றச் சொல்வார். வெறுங்காலோடு கிறீனில் நின்று, எந்தக் காலில் பாரம் கூடுகிறது என்று பார்க்க வேண்டும். கண் ஏமாற்றும், தரையின் சரிவு பாதத்துக்குத்தான் தெரியும் என்பது அவருடைய கட்சி. வயலில் நடந்து வளர்ந்த எனக்கு இதை ஒரு பாடமாகச் சொல்லிக் காசு வாங்குகிறார்களே என்று முதலில் சிரிப்புத்தான் வந்தது.

பதினெட்டாவது கிறீனுக்குப் பக்கத்தில் ஒரு குளம் இருக்கிறது. இரணைமடுவை நினைக்காதீர்கள், எங்கள் ஊரில் இதை மாடு குளிக்கும் கேணி என்போம். பார்த்தால் தரை குளத்துப் பக்கம் சரிவதுபோலத்தான் தெரியும். எல்லோரும் அப்படி எண்ணித்தான் பந்தை உருட்டுவார்கள். ஜூன் மாதம் ஒருநாள் கொட்டிய மழையில் நான் கொட்டிலுக்குப் போகாமல் நின்று பார்த்தேன். வெட்டிய புல்லுத் தூள் தண்ணீரில் மிதந்து போனது குளத்துப் பக்கம் அல்ல. எதிர்ப்பக்கம், மேப்பிள் மரத்தடிக்கு. வாய்க்கால் திருப்புவதற்கு முன் அப்பா ஒரு வைக்கோல் துரும்பைப் போட்டுவிட்டு, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு அது போகும் வழியைப் பார்ப்பாரே, அதே மாதிரித்தான்.

அதைப் பயிற்சியாளரிடம் சொன்னேன். என் ஆங்கிலத்துக்கு "தண்ணீர்", "மரம்", "குளம் இல்லை" என்ற மூன்றும்தான் கைகொடுத்தன. அவர் சப்பாத்தைக் கழற்றி அந்த இடத்தில் போய் நின்றார். வெகுநேரம் நின்றார். பிறகு தலையை மட்டும் ஆட்டினார்.

அன்றுதான் என் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். தலைக்கவசத்தோடு நீங்கள் எடுத்து அனுப்பிய படத்தைத் தொலைபேசியில் காட்டினேன். மிதிவெடித் தடை ஒப்பந்தம் 1997 டிசம்பரில் கையெழுத்தானது ஒட்டாவாவில்தான், அது தான் பிறந்த ஊர் என்றார். இலங்கை 2017 இல்தான் அதில் சேர்ந்தது என்று நான் சொன்னேன். "இவர் அதற்கு முன்பே தொடங்கிவிட்டாரா?" என்று கேட்டு, உங்கள் படத்தைப் பெரிதாக்கி விறாண்டி பிடித்த கையைப் பார்த்தார். மற்றவர்களைப்போல "ஐயோ பாவம்" என்று சொல்லவில்லை. எனக்கு அது பிடித்தது.

போன சனிக்கிழமை போட்டி. இந்தப் பகுதி மருத்துவமனைக்கு ஸ்கேன் இயந்திரம் வாங்கக் காசு சேர்க்கும் போட்டி. கனடாவில் வைத்தியம் இலவசம், ஆனால் இயந்திரம் வாங்குவதற்குப் பெரும்பாலும் ஊரார்தான் காசு சேர்க்க வேண்டியிருக்கிறது. நாங்கள் கோயிலுக்குத் தேர் செய்யப் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போவோமே, இவர்கள் அதற்குப் பதிலாகக் கோல்ஃப் விளையாடுகிறார்கள். இன்னொரு வேடிக்கை: தவறாக அடித்த அடியை மறுபடி அடிக்கக் காசுக்கு டிக்கெட் விற்கிறார்கள்! இருபது டொலர் கொடுத்தால் அந்தப் பிழை நடக்கவே இல்லை. எனக்கென்றால் ஒரு கட்டு டிக்கெட் தேவைப்படும்.

பெரும்பாலான ஆட்கள் நால்வராகச் சேர்ந்து, நால்வரில் நல்ல அடியை எடுத்துக்கொண்டு பகிடி விட்டபடி விளையாடினார்கள். பயிற்சியாளர்களுக்கு மட்டும் தனிப் பரிசு, ஒவ்வொருவரும் தங்கள் அடியைத் தாங்களே எண்ண வேண்டும், டிக்கெட் செல்லாது. முடிவில் எங்கள் பயிற்சியாளரும் வேறொரு கழகத்து இளம் பயிற்சியாளரும் ஆளுக்கு 69 அடி. அந்தப் பொடியனுக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும், அடித்தால் பந்து கண்ணுக்கு எட்டாது. பெண்களுக்குத் தொடக்க இடம் கொஞ்சம் முன்னால் என்பதைச் சொல்லிச் சிலர் முணுமுணுத்தார்கள். கிறீனுக்கு வந்த பிறகு ஆணென்ன பெண்ணென்ன, குழி எல்லோருக்கும் நான்கே கால் அங்குலம்தான்.

சமன் என்றபடியால் பதினெட்டாவது குழியை மறுபடி விளையாடச் சொன்னார்கள். நாங்கள் ஆறு பேர் இயந்திரங்களை நிறுத்திவிட்டு மேட்டில் நின்றோம். இருவரும் இரண்டிரண்டு தரம் அடித்துக் கிறீனுக்கு வந்தார்கள். பொடியனின் பந்து குழிக்கு எட்டடி தூரத்தில். பயிற்சியாளருடையது இருபத்தைந்து அடி தூரத்தில். தூரத்தில் உள்ளவர்தான் முதலில் உருட்ட வேண்டும்.

அவர் பந்துக்கும் குழிக்கும் நடுவில் கால்களை அகற்றி நின்று, கண்ணை மூடிக்கொண்டு, இடமும் வலமுமாக ஒருமுறை அசைந்தார். பிறகு போய்க் குளத்துப் பக்கமாகக் குறிவைத்தார். எனக்குப் பக்கத்தில் நின்றவன் "பிழை, பிழை" என்றான். பந்து போனது. குழியை விட்டு இரண்டடி விலகித்தான் போய்க்கொண்டிருந்தது. பாதி வழியில் ஏதோ ஞாபகம் வந்ததுபோல மரத்துப் பக்கம் திரும்பத் தொடங்கியது. காலையில் நான் தடவிப் பார்த்த விளிம்பில் ஒரு கணம் தயங்கி, உள்ளே விழுந்தது. கிண்ணத்துக்குள் அது "டொக்" என்று விழுந்த சத்தம் மேட்டில் எனக்குக் கேட்டது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். எனக்குக் கேட்டது.

பொடியன் எல்லோரையும்போல, தரை குளத்துப் பக்கம் சரிகிறது என்று நம்பி உருட்டினான். பந்து குழியைத் தொடாமலே மரத்துப் பக்கம் போய்விட்டது. பாவம், நல்ல பொடியன், வந்து அவரைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினான்.

பரிசுக் காசோலையை அவர் மேடையிலேயே மருத்துவமனைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பேச்சில் அனுசரணையாளர்களுக்கு நன்றி, சமையல்காரருக்கு நன்றி, "புல்தரைப் பணியாளர்களுக்கு" நன்றி. என்னைத் தனியாகச் சொல்லவில்லை. பொய் சொல்வானேன், ஒரு நிமிடம் மனம் சுருங்கியது. ஆனால் மேடையால் இறங்கியவர் கூட்டத்துக்கு மேலால் நாங்கள் நின்ற பக்கம் பார்த்து, வலது காலால் தரையை இரண்டு தரம் தட்டினார். பக்கத்தில் நின்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இன்று காலை வழக்கம்போலப் போய் அந்தக் குழியை எட்டு அடி தள்ளி வெட்டினேன். வெட்டியெடுத்த உருளையால் பழையதை அடைத்து, தண்ணீர் தெளித்துத் தடவிவிட்டேன். ஏழு மணிக்கு அவர் ஒரு சின்னப் பெடியனுக்குச் சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தார்.

நவம்பரில் மைதானம் மூடினால் சித்திரை வரை இந்த வேலை இல்லை. பனி தள்ளும் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். கிணற்று மோட்டாருக்கான காசைப் புதன்கிழமை அனுப்புவேன். அத்தானிடம் சொல்லுங்கள், பழையதைத் திருத்த வேண்டாம், புதிதாக வாங்கட்டும். மருமகளுக்குச் சப்பாத்து அளவு கேட்டேன், இன்னும் வரவில்லை.

அம்மாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டுங்கள். "தம்பி அங்கே குழி வெட்டுகிறான்" என்று மட்டும் தொடங்கிவிடாதீர்கள், பயந்துவிடுவார். புல்லிலிருந்து தொடங்குங்கள்.

உங்கள் அன்புத் தம்பி