மறுபதிப்பை மட்டும் நம்பி ஆய்வா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

1930களின் தமிழ்ச் சிறுகதை பற்றி இப்போது வரும் ஆய்வேடுகள் பலவற்றில் சான்றாகக் காட்டப்படுவது அண்மைக்கால மறுபதிப்புகள்தான். கதை முதலில் எந்த இதழில் வந்தது, பக்கத்தில் என்ன கட்டுரை, என்ன விளம்பரம் இருந்தது, நூலாகும்போது ஆசிரியர் எதை வெட்டினார் என்றெல்லாம் பார்க்காமல் அந்தக் காலத்தை எப்படி எழுத முடியும்? 1933இல் தொடங்கிய மணிக்கொடி இதழைப் புரட்டிய தடயமே இல்லாமல் அதைப் பற்றி ஓர் அத்தியாயம்! வருத்தமாக இருக்கிறது.

இத்தனைக்கும் எல்லாம் நம்ம ஊரிலேயே இருக்கிறது. தரமணியில் ரோஜா முத்தையா நூலகம், பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம், வீட்டிலிருந்தே பார்க்கத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம்.

அப்புறம், அதிகம் பேர் தொடாத ஒன்று: 1867ஆம் ஆண்டு அச்சக, நூல் பதிவுச் சட்டப்படி பதிவான நூல்களுக்கு அரசு வெளியிட்ட காலாண்டுப் பட்டியல். நூலின் பெயர், அச்சகம், பக்கம், விலை, எத்தனை பிரதி அச்சிட்டார்கள் என்பதுவரை அதில் வரிசையாக இருக்கும். ஒரு நாவல் அமோகமாக விற்றது என்று யாரோ முன்னுரையில் எழுதியதை அப்படியே எடுத்துப் போடுவதைவிட இந்த எண்ணைத் தேடிப் பார்ப்பது எவ்வளவோ மேல், ஆனால் பதிவுக்கே வராத நூல்களும் உண்டு என்பதால் இதை மட்டும் வைத்தும் முடிவுகட்டக் கூடாது.

முனைவர் பட்ட மாணவர்களை முதல் ஆறு மாதமாவது இந்த நூலகங்களில் உட்காரவைக்கும்படி பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு வாசகர்,
மயிலாப்பூர், சென்னை