சீற்றம் என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குமரி மாவட்ட மழைச் சேதம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் ‘இயற்கையின் சீற்றம்’ என்ற தொடர் அதில் ஆறு இடங்களில் வருகிறது, எண்ணிப் பார்த்தேன். தலைப்பும் அதுதான். அந்தத் தொடரோடு எனக்குப் பழைய வழக்கு ஒன்று உண்டு.

திருவட்டாறு பக்கம் முப்பது ஆண்டுகளாகத் தேனீ வளர்க்கிறேன். கொஞ்சம் ரப்பரும் இருக்கிறது. மார்த்தாண்டம் தேன் முழுக்கப் பூவிலிருந்து வருவதாகத்தான் வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். பெரும்பகுதி வருவது ரப்பர் இலையிலிருந்து. உதிர்ந்த மரம் தை, மாசியில் தளிர்விடும்போது, மூன்று இலைகளும் காம்போடு சேரும் இடத்தில் கடுகளவு சுரப்பிகள் திறந்து தேன் கசியும். காலை வெயிலில் தளிரைத் திருப்பிப் பிடித்தால் துளி மின்னுவது தெரியும். அந்தச் சில வாரங்கள்தான் எங்களுக்கு அறுவடை. அந்நேரம் பார்த்து இரண்டு நாள் மழை பெய்தால் துளி கழுவிக்கொண்டு போய்விடும். ஈரமும் மூடுபனியும் சேர்ந்தால் தளிரில் சாம்பல் நோய் விழுந்து இலையே கொட்டும். தேனீ வெறுங்கையோடு திரும்பும். மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைவிழாவுக்கு முன்பு தேன் எடுக்க வேண்டியவன், சர்க்கரைப் பாகு காய்ச்சிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருப்பேன்.

இதற்கெல்லாம் காலநிலை மாற்றமே காரணம் என்று நான் சாதிக்கப் போவதில்லை. ஒரு மாசியில் பெய்த மழை வானிலை. முப்பது ஆண்டு மாசிகளை அடுக்கிவைத்துப் பார்த்தால் தெரிவதுதான் காலநிலை. உங்கள் கட்டுரை இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வைரஸ் நோய் பரவித் தென்னிந்தியாவில் தேனீக் கூட்டங்கள் கூண்டோடு அழிந்தன. அதற்கு நாங்கள் வானத்தைத் திட்டவில்லை.

அதைவிடப் பெரிய பிழை, 2004 சுனாமியையும் 2017 ஒக்கிப் புயலையும் கள்ளக்கடலையும் ஒரே மூட்டையாகக் கட்டியது. சுனாமி, சுமத்திரா அருகே கடலுக்கடியில் நேர்ந்த நிலநடுக்கத்தால் வந்தது. மழைக்கும் புகைக்கும் அதில் பங்கே கிடையாது. கள்ளக்கடல் அப்படியல்ல. அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள தென்கடலில் வீசும் புயல்காற்று எழுப்பிய அலை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்து நம் கரைக்கு வருகிறது. இங்கே காற்று இருக்காது, வானம் வெளுத்திருக்கும், கடல் மட்டும் திடீரென்று ஏறும். 2024 மே மாதம் நம் மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் மாண்டது கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்தபோதுதான். அந்த எச்சரிக்கை ஐதராபாத்திலுள்ள கடல் தகவல் மையத்திலிருந்து புறப்பட்டுவிட்டது. மணலில் நிற்பவன் காதுக்கு வந்து சேர வேண்டும். கடலுக்குக் கோபம் என்று எழுதிவிட்டால் இந்தக் கேள்வியைக் கேட்க இடமே இல்லை.

ஒக்கி வேறு வகை. கடலின் மேல்நீர் ஏறத்தாழ 26.5 டிகிரிக்கு மேல் வெதுவெதுப்பாக இருந்தால் ஆவி நிறைய எழும். அது மேலே குளிர்ந்து மேகமாகும்போது விடும் வெப்பம்தான் புயலுக்குத் தீனி. ஒரு புயலைக் காட்டி ‘இது வெப்பமயமாதலின் வேலை’ என்று கைகாட்டிவிட முடியாது. ஆனால் நாம் கூடுதலாகச் சேர்த்துவைத்த வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடல்தான் விழுங்கியிருக்கிறது. தீனி கூடியிருக்கிறது. 2017 நவம்பர் இறுதியில் தாழ்வு மண்டலமாகக் கிடந்தது ஏறக்குறைய ஒரே நாளில் புயலாகி, குமரிமுனைக்குத் தெற்கே கடந்தது. என் விளையில் பாதி ரப்பர் மரங்கள் முறிந்தன, அது போகட்டும். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர்கள் கரையை விட்டுப் பல நாட்கள் ஆகியிருந்தன. அவர்களுக்குச் செய்தி சொல்லும் கருவி படகில் இல்லை. பலர் திரும்பவே இல்லை.

இனி மழைக்கு வருகிறேன். இடவப்பாதியில், அதாவது தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மேற்கு மலையில் முட்டி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது. குளிர்ந்த காற்றில் ஆவி தங்காது, மழையாக விழுகிறது. அதனால்தான் விளவங்கோடு, கல்குளம் பக்கம் நனைந்துகொண்டே இருக்கும்போது தோவாளையில் வெயில் அடிக்கும். மலை விட்ட இடைவெளியான ஆரல்வாய்மொழிக் கணவாயில் அந்தக் காற்று நெருக்கிப் பாய்ந்து முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றுகிறது. துலாவர்ஷத்தில், அதாவது வடகிழக்குப் பருவமழையில், காற்று திசை மாறி வங்கக்கடல் பக்கமிருந்து வரும். இதில் கோபம் எங்கே இருக்கிறது? ஒரு டிகிரி சூடு கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் ஆவியைச் சுமக்கும். சூடு ஏன் கூடியது என்பதும் மர்மம் அல்ல. பூமியிலிருந்து கிளம்பும் வெப்பத்தைச் சில வாயுக்கள் தடுத்து வாங்கிக்கொள்கின்றன என்பதை விஞ்ஞானி ஜான் டிண்டால் 1859இலேயே சோதனைக் குழாயில் அளந்து காட்டிவிட்டார். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. பெரும்பாலும் நிலக்கரி, எண்ணெய் எரித்த புகை அது. சுமை கூடிய மேகம் கொட்டும்போது, முன்பு ஒரு நாள் முழுக்கப் பெய்ததை இரண்டு மணி நேரத்தில் கொட்டிவிட்டுப் போகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியதை நெல்லை, தூத்துக்குடிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

என் வழக்குக்கு வருகிறேன். எங்கள் விளைக்குக் கீழே ஓர் ஓடை. அதற்கு மேலே, முன்பு ஏலாவாக, அதாவது நெல்வயல் வெளியாகக் கிடந்த நிலம், கன்னிப்பூ, கும்பப்பூ என்று இருபோகம் விளைந்த இடம், மண் அடித்து வீட்டுமனையாகிவிட்டது. ஓடையின் குறுக்கே இருந்த கல்பாலத்தை எடுத்துவிட்டு, இரண்டு சிமெண்ட் குழாய்களைப் புதைத்து மேலே ரோடு போட்டார்கள். ஒவ்வொன்றும் இரண்டடி விட்டம். போடும்போதே போய்ச் சொன்னேன். ‘இவ்வளவு காலம் பெய்த மழைக்கு இது தாராளம்’ என்றார் மேற்பார்வையாளர்.

2021 நவம்பர் மழையில் ஒரு குழாயை வாழைத்தண்டும் சருகும் அடைத்தன. தண்ணீர் ரோட்டைத் தாண்ட முடியாமல் என் விளைக்குள் திரும்பியது. எறும்பு ஏறாமலிருக்கப் பெட்டி ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவது எங்கள் வழக்கம். விடியற்காலையில் டார்ச்சோடு இறங்கியபோது கிண்ணம், ஸ்டாண்டு எதுவுமே தெரியவில்லை. ஏழு பெட்டிகள் மிதந்து போய்விட்டன. இரண்டு நாள் கழித்துச் சானல்கரைத் தாழம்புதரில் ஒன்றைக் கண்டெடுத்தேன். மூடியைத் திறந்தபோது அடைகள் சேறாகி ஒட்டிக் கிடந்தன. ஒரு தேனீ கூட இல்லை.

சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு மனு கொடுத்தேன். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. ‘இயற்கைச் சீற்றத்தால் ஏற்பட்ட சேதம் என்பதால் தங்கள் கோரிக்கையைப் பரிசீலிக்க இயலாது.’ உங்கள் கட்டுரையில் அந்தத் தொடரைப் பார்த்தபோது எனக்கு ஏன் வலித்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

ஆண்டுதோறும் ஜூன் 5ஆம் தேதி சுற்றுச்சூழல் தினம் என்று இங்கே மரக்கன்று நடுகிறார்கள். நல்ல காரியம், போன ஆண்டுக் குழியிலேயே நடுவதால் வேலையும் மிச்சம். நிலக்கரியைக் குறைப்பது அரசுகளின் கையில் இருக்கிறது, அதைத் தள்ளிப்போடக் கூடாது. முப்பந்தலைப் பார்த்து வளர்ந்த நமக்குக் காற்றில் மின்சாரம் எடுக்கலாம் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் நாளைக்கே புகையை நிறுத்தினாலும் ஏற்கெனவே ஏறிய வாயு இறங்கப் பல தலைமுறை ஆகும். அதுவரை பெய்யப்போவது இந்தப் புதிய மழைதான். பாலம் கட்டுகிறவர்கள், குழாய் அளவு போடுகிறவர்கள், குளத்து உபரிநீர் வழியும் மறுகாலை அடைத்து மனை விற்கிறவர்கள் எந்த மழையைக் கணக்கில் வைத்திருக்கிறார்கள் என்று உங்கள் நிருபர் போய்க் கேட்டு எழுத வேண்டும். அதற்குத்தான் பத்திரிகை வாங்குகிறேன்.

இந்த ஆண்டு துலாவர்ஷத்துக்கு முன்பே பெட்டிகளை மேட்டுவிளைக்கு ஏற்றிவிட்டேன். இரண்டடிக் குழாய்கள் அங்கேயேதான் இருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருவட்டாறு வட்டம்,
கன்னியாகுமரி மாவட்டம்.