கோரிக்கை மனு: தண்டுவட மரப்பு நோயுள்ள என் மருமகளை மறுபடி பரிசோதிக்கக் கோரி (மூன்றாம் முறை)

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
தண்ணீர்த் தொட்டித் தெரு, சுரங்கப்பாதைக்கு மேற்கே.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்.

பொருள்: மாற்றுத்திறனாளி சான்று – பாதிப்பு 30 விழுக்காடு எனக் குறைத்துப் போட்டது – மறுபரிசோதனை கோருதல் – தொடர்பாக.

பார்வை: ஆனி, ஆடி மாதங்களில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்த இரு மனுக்கள். ரசீது இருக்கிறது. பதில் இல்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் தெரு தங்களுக்குத் தெரியும். போன ஐப்பசியில் சுரங்கப்பாதையில் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது தாங்களே நேரில் வந்து பார்த்தீர்கள். அந்தச் சுரங்கப்பாதையின் படிகளை ஏறி இறங்கித்தான் நாங்கள் பஸ்ஸுக்குப் போக வேண்டும்.

1. என் மருமகளுக்கு வயது 31. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் ஓட்டியவள். சென்ற ஆவணியில் வலது கண் மங்கியது. கண்ணாடியை மாற்றினோம், சில வாரத்தில் பார்வை தெளிந்தது, மறந்துவிட்டோம். தை பிறந்ததும் இரண்டு காலும் மரத்துப்போயின. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் மூளையிலும் கழுத்துத் தண்டுவடத்திலும் வெள்ளைத் திட்டுகள். எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) என்றார்கள். அரசுத் தாள்களில் தண்டுவட மரப்பு நோய். நரம்பின் மேலுறையை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அரித்துவிடுகிறதாம். ஐந்து நாள் ஸ்டீராய்டு ட்ரிப் ஏற்றியபின் எழுந்து நடந்தாள். ஆனால் இது வரும், தணியும், மறுபடி வரும். அடியோடு குணமாக்க மருந்து கிடையாது.

2. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் உள்ள 21 வகைகளில் இந்த நோயும் ஒன்று. 40 விழுக்காடு இருந்தால்தான் சலுகைக்கு வழி. இதையெல்லாம் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

3. சித்திரைக் கத்திரியில் சான்று வழங்கும் முகாமுக்கு வரச் சொன்னார்கள். ஒன்பது மணிக்குப் போனோம். தகரக் கொட்டகை, ஒரு ஃபேன், அதுவும் மேசையில் இருந்தவர் பக்கம் திருப்பி வைத்தது. இந்த நோய்க்காரருக்கு உடம்பு சூடேறினால் நரம்பு சரியாக வேலை செய்யாது. டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டில் அதுவும் இருக்கிறது. பதினொரு மணிக்குக் கால் பின்ன ஆரம்பித்தது. நாற்காலி கேட்டேன். "டோக்கன் கூப்பிடும்போது ஆள் வரிசையில் இல்லாவிட்டால் கடைசிக்குப் போகணும்" என்றார்கள். சிறுநீரை அடக்கவும் இவளுக்கு முடியாது ஐயா, வந்தால் அடுத்த நிமிடமே போயாக வேண்டும். பெண்கள் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் டீக்கடையில். நான் ஓடிப்போய் அவரைக் கூட்டிவருவதற்குள் சேலை நனைந்துவிட்டது. மாங்காய்ப் பச்சைச் சேலை, ஈரம் அப்படியே தெரிந்தது. என் முந்தானையை அவிழ்த்துச் சுற்றி மறைத்தேன். அவள் அழவில்லை. "அத்தை, வீட்டுக்குப் போயிடலாம்" என்று மட்டும் சொன்னாள். நான்தான் பிடிவாதமாக நிறுத்தி வைத்தேன்.

ஒன்றரை மணிக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே ஏ.சி. அறை. நாற்காலியில் இருபது நிமிடம் உட்கார வைத்தார்கள். குளிர்ந்ததும் கால் வந்துவிட்டது. எழுந்து நாலடி நடந்தாள். "நல்லாத்தானேம்மா நடக்கிறாங்க" என்று சொல்லி அங்கிருந்த டாக்டர் 30 போட்டுவிட்டார். ஸ்கேன் உறையைப் பிரிக்கவே இல்லை. அதே டாக்டர் வெளியே வந்து கொட்டகையில் பார்த்திருந்தால் என்ன போட்டிருப்பார்?

4. ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் சொன்னேன். நாலு தோசை ஊற்றிவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிடுவாள். "இந்த வயசில் என்ன களைப்பு, கை கால் நல்லாத்தானே இருக்கு" என்று ஏசியிருக்கிறேன். ஏழு வயதுப் பேத்தி தோசையைத் திருப்பிப் போடுவாள். நான் விவரம் தெரியாத மாமியார். அந்த டாக்டர் கையில் ஸ்கேன் இருந்ததே ஐயா!

5. மகன் லாரி ஓட்டுகிறான், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இல்லை. அவள் சம்பளம் நின்றுவிட்டது. உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய் கிடைத்தால் மாத்திரைக்கும் ஆட்டோவுக்கும் ஆகும். டவுன் பஸ் பெண்களுக்கு இலவசம்தான், ஏறத்தான் முடியவில்லை.

6. மறுபரிசோதனை கேட்டால் "மேல்முறையீடு செய்யுங்கள்" என்கிறார்கள். எங்கே, யாரிடம் என்றால் "மனு கொடுங்கள்". கொடுத்தேன். உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். "தங்கள் மனு மீது நடவடிக்கை எடுக்கப்பட்டு முடிக்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. என்ன முடிந்தது? யாருக்கு முடிந்தது? 29 வருடம் முட்டைக் கணக்கு எழுதியவள் நான். ஒரு முட்டை குறைந்தால் ஆய்வுக்கு வந்தவர் என்னை நிற்க வைத்துக் கேட்பார். இங்கே ஒரு பெண்ணின் உடம்பில் பத்து விழுக்காடு குறைகிறது, கேட்க ஆளில்லை.

மன்னிக்க வேண்டும். கோபத்தில் எழுதிவிட்டேன்.

ஐயா, நரம்பியல் மருத்துவர் ஒருவர் ஸ்கேனையும், கண்ணையும், சிறுநீர்க் கோளாறையும் சேர்த்துப் பார்த்து விழுக்காடு போட உத்தரவிடுங்கள். முடிந்தால் வீட்டில், இல்லாவிட்டால் காலை எட்டு மணிக்குள். 40 போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. பார்த்துவிட்டுப் போடச் சொல்லுங்கள் ஐயா, அவ்வளவுதான்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: ஸ்கேன் அறிக்கை, டாக்டர் சீட்டு, 30 விழுக்காடு சான்று, மனு ரசீதுகள் 2 (நகல்கள்).

பி.கு.: அவளை மறுபடி முகாமுக்கே வரச் சொல்வதானால், அன்றைக்குக் கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.