சுலோச்சனாவை வீட்டுக்கு அனுப்பியது பேசும்படமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஊமைப்பட நடிகைகள் பற்றி வந்த கட்டுரையை ஆர்வமாகத்தான் படித்தேன். 1931இல் பேசும்படம் வந்ததும் ஹிந்துஸ்தானி பேசத் தெரியாத நடிகைகள் எல்லாம் காணாமல் போனார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, உதாரணத்துக்கு சுலோச்சனாவைக் காட்டியிருக்கிறார் கட்டுரையாளர். வேறு யாரைச் சொல்லியிருந்தாலும் பேசாமல் இருந்திருப்பேன்.

சுலோச்சனாவின் சொந்தப் பெயர் ரூபி மையர்ஸ். புனாவில் 1907இல் பிறந்தவர், பாக்தாதி யூதக் குடும்பம். டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்த்தவரை கோஹினூர் சினிமா கம்பெனியின் மோகன் பவ்னானி நடிக்கக் கூப்பிட்டார். முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னார். குடும்பப் பெண்கள் சினிமா பக்கமே வராத காலம் அது. பால்கே எடுத்த முதல் படமான 'ராஜா ஹரிச்சந்திரா'வில் ராணி தாராமதியாக நடித்ததே சாளுங்கே என்ற ஆண்தானே. அந்தக் காலி இடத்தில்தான் யூத, ஆங்கிலோ இந்தியப் பெண்கள் நுழைந்தார்கள். 'டெலிபோன் கேர்ள்', 'டைப்பிஸ்ட் கேர்ள்' என்று அந்தப் பெண்கள் நிஜத்தில் பார்த்த வேலைகளே படத்தின் பெயராகவும் வந்தன. 1927இல் வந்த 'வைல்ட்கேட் ஆஃப் பாம்பே'யில் சுலோச்சனா எட்டு வேடம் போட்டார். தோட்டக்காரர், போலீஸ்காரர் என ஆண் வேடங்களும் அதில் சேர்த்தி. நம் ஊரில் 'நவராத்திரி'யின் ஒன்பது வேடங்களை இன்னும் பேசுகிறோம், இது அதற்கு 37 வருடம் முந்தையது. மாதச் சம்பளம் 5,000 ரூபாய், பம்பாய் கவர்னர் வாங்குவதைவிட அதிகம் என்று ஒரு பேச்சு உண்டு. கவர்னர் சம்பளத்தை யார் எண்ணிப் பார்த்தார்களோ!

சரி, 1931க்கு வருவோம். இந்தியாவின் முதல் பேசும்படமான இம்பீரியல் கம்பெனியின் 'ஆலம் ஆரா'வில் கதாநாயகி வேடம் சுபைதாவுக்குப் போனது. அதே கம்பெனியின் பெரிய நட்சத்திரம் சுலோச்சனாதான், ஆனால் பாஷை சரளமாக வராது. கட்டுரையாளர் இந்த இடத்திலேயே கதையை நிறுத்திவிட்டார். நடந்தது என்ன? ஒரு வருடம் ஒதுங்கி உட்கார்ந்து ஹிந்துஸ்தானி கற்றார். அப்புறம் தான் நடித்த ஊமைப்படங்களையே ஒவ்வொன்றாகப் பேசவைத்தார். 'மாதுரி' 1932இல் மறுபடி வந்தது. 1929இல் 'இந்திரா பி.ஏ.'வாக இருந்தது 1934இல் 'இந்திரா எம்.ஏ.' ஆனது, ஐந்து வருடத்தில் மேல்படிப்பு! 'வைல்ட்கேட்' 1936இல் 'பம்பாய் கி பில்லி' ஆனது. இதற்கிடையில் ரூபி பிக்ஸ் என்று சொந்த கம்பெனியும் தொடங்கினார். காணாமல் போனவர் செய்கிற வேலையா இது?

ஓய்ந்தது அதற்குப் பிறகு. 1938இல் இம்பீரியல் மூடப்பட்டது. தமிழின் முதல் பேசும்படமான நம் 'காளிதாஸ்' படத்தைத் தயாரித்ததும் அதே கம்பெனிதான். வயது முப்பதைத் தாண்டியது, புதிய முகங்கள் வந்தன, கதாநாயகி வேடம் நின்றது. பாஷை கற்றுக்கொண்டவருக்கு வயதை என்ன செய்வது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். இதைச் சரியாகக் காட்டுவது, முகலாய இளவரசர் சலீம் காதலித்த பெண்ணின் கதையான 'அனார்கலி'தான். 1928இல் லாகூர் கம்பெனி ஒன்று சீதா தேவியை வைத்து இதே கதையைப் பெரிய செலவில் எடுத்துக்கொண்டிருந்தபோது, இம்பீரியல் அவசர அவசரமாக சுலோச்சனாவை அனார்கலியாக்கி முந்திக்கொண்டது. 1935இல் பேசும் 'அனார்கலி'யிலும் அவரேதான். 1953இல் மறுபடி 'அனார்கலி' எடுத்தபோது பீனா ராய் கதாநாயகி, சுலோச்சனா சலீமுக்கு அம்மா. அந்த வயதில் நடிகர் ஒருவர் இருந்திருந்தால் சலீமாகவே நடித்துக்கொண்டிருப்பார் என்பது என் கட்சி.

சின்னச் சின்ன வேடங்களில் பிற்பாடும் நடித்துக்கொண்டுதான் இருந்தார். 1973ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது அவருக்குக் கிடைத்தது. தேவிகா ராணிக்கு அடுத்து அதைப் பெற்ற பெண் இவர்தான். கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. 1983இல் பம்பாயில் காலமானார்.

இன்னொரு விஷயம். கட்டுரையோடு நீங்கள் போட்டிருக்கும் புகைப்படம் இவருடையது அல்ல. அது மராத்தி, இந்திப் படங்களில் அம்மா வேடங்களில் நடித்த சுலோச்சனா லட்கர். அவர் 1928இல்தான் பிறந்தார். ஊமைப்படத்தில் நடித்திருக்க வழியில்லை. அடுத்த இதழில் படத்தை மாற்றிப் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்