வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை: “நேற்று வாசித்தீர்களா?”

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், கைபேசி வழியாக இணைந்திருக்கும் வெளிநாட்டு உறுப்பினர்களுக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

வழக்கமான காரியங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மாதாந்தக் கலந்துரையாடல் ஒரு மாதம் தவிர எல்லா மாதமும் நடந்தது. தவறிய மாதம் பெரும்போக அறுவடை மாதம். அம்பாறைப் பக்கத்து உறுப்பினர்கள் வட்டைக்குள், அதாவது வயலுக்குள், நின்றார்கள். வட்டையா வட்டமா என்று வந்தால் வட்டைதான், அதில் யாருக்கும் வருத்தமில்லை. கூட்ட நேரம் சனி இரவு 8 மணியாகவே இருக்கிறது. அது கட்டாரில் மாலை 5.30, ரொறன்ரோவில் கோடைகாலத்தில் காலை 10.30. இதைவிட எல்லோருக்கும் பொருந்தும் நேரம் ஒன்றைக் கண்டுபிடிக்க முடியவில்லை. கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார்.

இனி இந்த ஆண்டு எங்கள் நேரத்தை அதிகம் எடுத்த விடயத்துக்கு வருகிறேன். கூட்டத்தில் பேசுவது ஒவ்வொரு மாதமும் அதே ஐந்தாறு பேர். மற்றவர்கள் கைகூப்பும் படத்தையோ பெருவிரல் படத்தையோ போட்டுவிட்டு இருந்துவிடுகிறார்கள். அவர்கள் மாதப் புத்தகத்தை வாசிக்கிறார்களா, வேறு ஏதாவது வாசிக்கிறார்களா, ஒன்றுமே வாசிப்பதில்லையா என்று செயற்குழுவுக்குத் தெரியவில்லை. ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதமாகவும் இருந்ததால், உறுப்பினர்களின் வாசிப்புப் பழக்கத்தை ஒருதரம் கேட்டுப் பார்ப்போம் என்று தீர்மானித்தோம். ஒரு நாள் வேலை என்றுதான் நினைத்தோம்.

முதலில் வட்ஸ்அப் குழுவிலேயே வாக்கெடுப்பு வைத்தோம். “நீங்கள் தினமும் வாசிப்பவரா?” என்று கேள்வி. “ஆம்”, “இடைக்கிடை”, “நேரமில்லை” என்று மூன்று தெரிவு. அரை மணித்தியாலத்தில் “ஆம்” நிரம்பி வழிந்தது. பொங்கலுக்குப் பிறகு புத்தகமே திறக்கவில்லை என்று என்னிடம் தொலைபேசியில் சொன்ன ஒருவரும் “ஆம்” போட்டிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த வாக்கெடுப்பில் யார் எதற்குப் போட்டார் என்பது பெயரோடு எல்லோருக்கும் தெரியும். வாசகர் வட்டத்தில் இருந்துகொண்டு, பத்துப் பேர் பார்க்க “நான் வாசிப்பதில்லை” என்று யார் போடுவார்? ஒரு வாக்குக்கு மேல் போடலாம் என்ற வசதியை அணைக்கவும் மறந்துவிட்டேன். ஒருவர் மூன்றையும் தெரிவுசெய்திருந்தார். கேட்டால், “பேரன் அமத்தியிருப்பான்” என்றார்.

சரி, பெயர் இல்லாமல் கேட்போம் என்று கூகுள் படிவம் ஒன்று செய்து அனுப்பினோம். பதில்கள் வந்தன. ஆனால் வந்தவற்றில் பெரும்பகுதி ஆசிரியர்களும், கொழும்பில் வேலை செய்பவர்களும், வெளிநாட்டில் இருப்பவர்களும் நிரப்பியவை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையிலிருந்து மிகக் குறைவு. அங்கே சில இடங்களில் சிக்னல் கிடைப்பதே பாடு. இன்னும் சிலருக்குப் படிவம் என்றதும் பிரதேச செயலகம் ஞாபகத்துக்கு வந்திருக்கும்.

செயற்குழுவில் இருக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் அப்போது ஒரு கதை சொன்னார். 1936இல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் என்ற சஞ்சிகை ஏறக்குறைய ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பிக் கருத்துக் கேட்டது. 24 இலட்சம் வரை திரும்பி வந்தன. ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் வெல்வார் என்று அடித்துச் சொன்னது. 48 மாநிலங்களில் 46ஐ ரூஸ்வெல்ட் எடுத்தார். தொலைபேசிப் புத்தகத்திலும் கார்ப் பதிவுகளிலும் இருந்த முகவரிகளுக்கே அட்டைகள் பெரும்பாலும் போயிருந்தன. பொருளாதார மந்தத்தில் அடிபட்டவர்களிடம் தொலைபேசியும் இல்லை, காரும் இல்லை. அட்டை கிடைத்தவர்களிலும் திருப்பி அனுப்பியது கால்வாசிக்குக் கிட்டத்தான். அதைவிட மிகச் சிறிய எண்ணிக்கையானவர்களைக் கேட்ட கலப் என்ற கருத்துக் கணிப்பாளர், ரூஸ்வெல்ட் வெல்வார் என்று சரியாகச் சொன்னார். “எத்தனை பேர் சொன்னார்கள் என்று பார்க்காதீர்கள், யார் சொல்லவில்லை என்று பாருங்கள்” என்றார் ஆசிரியர். ஓய்வுபெற்றும் வகுப்பு எடுப்பதை அவர் விடவில்லை, நல்லது.

அதன் பிறகுதான் வேலை உருப்படியாக நடந்தது. உறுப்பினர் பெயர்களைச் சீட்டில் எழுதி, பொருளாளர் வீட்டுப் பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்கி, வந்த பெயர்களுக்கு நாங்களே தொலைபேசி எடுத்தோம். கேள்வியையும் மாற்றினோம். “வழக்கமாக எவ்வளவு வாசிப்பீர்கள்?” என்று கேட்டால், மனிதர் தான் எப்படி இருக்க விரும்புகிறாரோ அதைச் சொல்கிறார். “நேற்று ஏதாவது வாசித்தீர்களா? எங்கே இருந்து? எதில்?” என்று கேட்டால் நடந்ததைச் சொல்கிறார். ஒருவருக்கு நேற்று கலியாண வீடாக இருக்கலாம் என்பதால் அழைப்புகளை வாரத்தின் எல்லா நாட்களுக்கும் பிரித்தோம்.

முடிவுகளை வீதக் கணக்கில் வாசிக்கப் போவதில்லை. எங்கள் அளவுச் சங்கத்தில் ஒருவர் மனம் மாறினாலே வீதம் ஆடிவிடும். கேட்டதைச் சொல்கிறேன். சொன்னவர்களிடம் சம்மதம் வாங்கித்தான் இங்கே எழுதுகிறேன், காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு தங்கச்சி மண்டூரிலிருந்து குருமண்வெளிக்குப் பாதையில் (ஆட்களை ஏற்றிக் கரை சேர்க்கும் மிதவையில்) கடந்து வேலைக்குப் போகிறவர். பாதை இந்தக் கரைக்கு வரும் வரைக்கும் காத்திருக்கும் நேரமும், ஆற்றைக் கடக்கும் நேரமும்தான் தன் வாசிப்பு நேரம் என்றார். பிள்ளையை ரியூசனில் விட்டுவிட்டு வாசலில் நிற்கும் தாய்மார், ஆஸ்பத்திரியில் நம்பர் எடுத்துவிட்டு இருப்பவர்கள், சுபஹ் தொழுகைக்குப் பிறகு வீடு எழும்பும் முன் அரை மணித்தியாலம் எடுக்கும் ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணன்), கட்டாரில் இரவுக் காவல் வேலையில் இருக்கும் ஒரு தம்பி என்று பதில்கள் வந்தன. சாய்மனைக் கதிரையில் இருந்து தடித்த நாவல் வாசிப்பவரை நாங்கள் மனதில் வைத்து மாதப் புத்தகம் தெரிவுசெய்து வந்திருக்கிறோம். அப்படிப்பட்டவர் செயற்குழுவில்தான் இருக்கிறார்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறு. “நான் வாசிக்கிறேல்ல சேர்” என்று தொடங்கிய ஒரு அக்காவிடம் பேச்சுக் கொடுத்தபோது, ஞாயிறு தோறும் வாரப் பத்திரிகையைக் கண் மங்கிய தாய்க்கு முதல் பக்கத்திலிருந்து மரண அறிவித்தல் வரை சத்தமாக வாசித்துக் காட்டுகிறார் என்று தெரிந்தது. அதை அவர் வாசிப்புக் கணக்கில் சேர்க்கவே இல்லை. இன்னொருவர் வைகாசிச் சடங்கில் கண்ணகி அம்மன் கோயிலில் வழக்குரை, அதாவது கண்ணகி கதைப் பாட்டு, படிப்பவர். “நான் புத்தகம் வாசிக்கிற ஆள் இல்ல” என்றார். எங்கள் ஊரில் பாட்டும் படிப்பதுதான், பாடமும் படிப்பதுதான். வாசிப்பது என்றால் அது வேறு, கொஞ்சம் உத்தியோகக்காரர் வேலை. கேள்வியில் நாங்கள் போட்ட சொல்லே அவரை வெளியே நிறுத்திவிட்டது. அடுத்த முறை “வாசிப்பு” என்று மட்டும் கேட்கக் கூடாது.

எத்தனை பேர் எவ்வளவு வாசித்தார்கள் என்பதைவிட அதிகம் கேட்ட சொல் “மறுகா”, அதாவது பிறகு. வாங்கி வைத்திருக்கிறேன், மறுகா வாசிப்பம். பரீட்சை முடியட்டும், மறுகா. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்கள் எல்லோருமே மறுகாவில் இருக்கிறார்கள். அவர்களைக் கணக்கில் எடுக்காமல் விடுவதே தர்மம்.

கைபேசியில் வாசிப்பவர்கள் அச்சுப் புத்தகக்காரர்களைவிடக் கூடிவிட்டார்கள் என்பது உண்மை. 2022 நெருக்கடியில் கடதாசி இல்லாமல் போய், பிறகு விலை ஏறியபடி நின்றுவிட்டது. தமிழ்நாட்டுப் புத்தகம் என்றால், அவர்களுடைய ஒரு ரூபாய் எங்களுடைய மூன்று ரூபாய்க்கும் மேல். ஆனால் எதில் வாசிக்கிறீர்கள் என்று கேட்டதில் ஒரு சங்கடம் வெளிவந்தது. இலங்கைத் தமிழ் நூல்களைச் சேர்த்து வைத்து 2005இலிருந்து இயங்கும் ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் வாசிப்பவர்கள் பலர், அதில் பெருமைதான். யாரோ கைபேசியில் படம் பிடித்துச் சுற்றவிட்ட பீடிஎஃப்பில் வாசிப்பவர்களும் குறைவில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவரின் உரிமை அவர் வாழ்நாளுக்கும் பின்னர் 70 வருடங்களுக்கும் இருக்கிறது. உயிரோடு இருக்கும் எழுத்தாளரைக் கூட்டத்துக்கு அழைத்து, அவருடைய திருட்டுப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பது முறையல்ல. அப்படியான பிரதிகளை இனிக் குழுவில் பகிரக் கூடாது என்று செயற்குழு தீர்மானித்துள்ளது. முணுமுணுப்பு வந்தது. வரட்டும்.

என் தவறு ஒன்றையும் பதிவுசெய்ய வேண்டும். நவம்பர்க் கூட்டத்தில் ஒரு பதிலை வாசித்தபோது பெயரைச் சொல்லவில்லை, ஊரையும் தொழிலையும் சொன்னேன். அந்த ஊரில் அந்தத் தொழிலில் எங்கள் உறுப்பினர் ஒரே ஒருவர். அவர் அன்றிரவே குழுவை விட்டு விலகினார். வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன், தேத்தண்ணி தந்தார், ஒரு கிழமை கழித்துத் திரும்பி வந்தார். முன்னே சொன்ன சம்மதம் இதனால்தான்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைப்பவை இவை. மாதத்துக்கு ஒரு நாவல் என்பதை இரண்டு மாதத்துக்கு ஒன்றாக்கி, இடையில் வரும் மாதத்தில் ஒரு சிறுகதையை எடுப்பது. அந்தச் சிறுகதையை யாராவது குரலில் வாசித்து, எழுதியவரின் அனுமதியோடு குழுவில் போடுவது. பத்திரிகை வாசிக்கும் அக்காவிடம் கேட்டிருக்கிறேன், யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அத்துடன், கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் தினமும் பஸ்ஸில் போய்வரும் இரு உறுப்பினர்கள் ஓகஸ்டிலிருந்து சுமந்து திரியும் இரவல் புத்தகப் பையைத் தொடர்வது. அது ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தூரம். பாரமான புத்தகங்களைக் கேட்பவர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வைக்கவும்.

இடம் தந்தவர்களுக்கும், தொலைபேசி அழைப்புகளுக்குத் தங்கள் பணத்தில் கார்ட் போட்டவர்களுக்கும் நன்றி. இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி சபையைக் கேட்டுக்கொள்கிறேன். பையிலிருந்து எடுத்த புத்தகங்களில் நான்கு இன்னும் திரும்பவில்லை. யாரிடம் இருக்கிறது என்று பெயர் சொல்ல மாட்டேன், தேத்தண்ணிக்கு எழும்பும்போது என்னிடம் வந்து சொன்னால் போதும்.

செயலாளர்